கிட் கிட்டார் கட்டப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு ஸ்க்ரூ டிரைவரை எடு!

மலிவு விலை எலெக்ட்ரிக் கிட்டார் கிட் பத்தி ரெண்டு விதமான பேச்சு உண்டு. "அதெல்லாம் குப்பை, காசைக் கரியாக்காதே"ன்னு ஒரு கூட்டம். "நாலு ஸ்க்ரூ முடுக்கினா கிட்டார் ரெடி"ன்னு இன்னொரு கூட்டம். ரெண்டையும் நம்பாதே. கிட்ல வர்ற மரம் பெரும்பாலும் போதுமான தரத்துலதான் இருக்கும். விட்டுப்போனது கைவேலை: ஃபிரெட்டைச் சமன் பண்றது, நட்டுல (நெக்கோட தலைப்பக்கம் கம்பிகள் உக்காருற துண்டு) பள்ளத்தை அளவா அரம் போடுறது, கடைசி செட்டப். நேரம் தின்னுற அந்த வேலைகளைத்தான் கிட் விக்கிறவன் உன் பக்கம் தள்ளிவிட்டிருக்கான். அதனாலதான் விலை குறைவு. உழைப்பை எங்கே போடணும், எந்த வரிசையில போடணும்னு தெரிஞ்சுக்கிட்டா, அந்தக் கிட்லேருந்தே மேடையேத்துற மாதிரி ஒரு கிட்டாரை எடுத்துடலாம்.

முதல் கிட்: டெலிகாஸ்டர் வடிவமே போதும்

லியோ ஃபெண்டர் 1950-ல கலிஃபோர்னியாவுல இந்த கிட்டாரைக் கொண்டுவந்தப்போ, நெக்கை பாடியோட பசை போட்டு ஒட்டாம நாலு ஸ்க்ரூல பூட்டினார். பாகம் பாகமா செஞ்சு பூட்டலாம், கெட்டுப்போனா கழட்டி மாத்தலாம். இன்னைக்கு கிட்னு ஒண்ணு சாத்தியமா இருக்குறதுக்கு அந்த யோசனைதான் அடிப்படை. அசையாத பிரிட்ஜ், ரெண்டு பிக்கப், ஒரு மூணு நிலை ஸ்விட்ச், ரெண்டு குமிழ், அவ்வளவுதான். தப்பு நடக்க இடம் கம்மி.

1954-ல வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்துல ட்ரெமோலோ ஸ்ப்ரிங் வேலை கூடுதல். லெஸ் பால் வடிவ கிட்ல பலதுக்கு நெக்கைப் பசை போட்டுத்தான் ஒட்டணும். கோணம் ஒரு டிகிரி பிசகினாலும் திருத்துறது பெரும்பாடு. அதை ரெண்டாவது கிட்டுக்கு வெச்சுக்கோ.

வெளிநாட்டுலேருந்து வரவழைச்சா சுங்க வரியும் சேரும். கிட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதே. கருவி, பூச்சு, நல்ல ஒரு செட் கம்பி, இதுக்கெல்லாம் தனியா காசு ஒதுக்கி வை.

பெட்டியைப் பிரிச்சதும் இதைப் பார்

திருப்பி அனுப்ப முடியுற காலத்துக்குள்ள இந்தச் சோதனையை முடிச்சுடு.

* நெக்கைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு, தலைப்பக்கத்துலேருந்து உடம்புப் பக்கமா ஒரு விளிம்பைப் பார். லேசா வில் மாதிரி வளைஞ்சிருந்தா நெக்குக்குள்ள ஓடுற இரும்புத் தண்டான ட்ரஸ் ராட் சரிபண்ணிடும். முறுக்கிக்கிட்டிருந்தா திருப்பி அனுப்பு. முறுக்கின நெக்கோட மல்லுக்கட்டாதே.
* ட்ரஸ் ராட் நட்டை ரெண்டு பக்கமும் கால் சுத்து திருப்பிப் பார். பிடிமானம் தெரியணும். சும்மா சுத்துதுன்னா அந்த நெக் வேண்டாம்.
* பன்னிரண்டாவது ஃபிரெட் நட்டுலேருந்து 324 மி.மீ. தூரத்துல இருக்கணும். இந்த வடிவத்தோட ஸ்கேல் நீளம் 648 மி.மீ., அதுல சரிபாதி.
* மல்டிமீட்டர்ல ரெண்டு பிக்கப்பையும் அள. சிங்கிள் காயில் பெரும்பாலும் 5-லேருந்து 8 கிலோ ஓம் காட்டும். எதுவுமே காட்டலைன்னா உள்ளே கம்பி அறுந்திருக்கு.
* பாடி மேல ஒரு சொட்டுத் தண்ணி விடு. மரம் குடிச்சிடுச்சுன்னா வெறும் மரம். முத்தா நின்னா ஏற்கெனவே சீலர் அடிச்சிருக்காங்க. அதுமேல ஸ்டெயின் ஏறாது. சீலரை முழுசா தேய்ச்சு எடுக்கணும், இல்லேன்னா மரம் தெரியாத அடர் நிறத்துக்கு மாறிக்கோ.

பெயின்ட்டுக்கு முன்னாடி ஒரு தடவை பூட்டிப் பார்

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு டிப்ஸ் எடுத்துக்கோன்னா இதைத்தான் சொல்வேன். டப்பா வந்த அன்னைக்கே பெயின்ட் கடைக்கு ஓடாதே. நெக், பிரிட்ஜ், ரெண்டு ஓர டியூனர், இதை மட்டும் பூட்டு. ரெண்டு ஈ கம்பியையும் லேசான இழுவையில கட்டு. இப்போ மேலேருந்து பார்.

ஃபிரெட்போர்டோட ரெண்டு விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவுல உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கா? ஒரு பக்கம் கம்பி விளிம்புலேருந்து வழுக்கி விழுற மாதிரி இருந்தா, நெக் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, நெக்கை மெதுவா பக்கவாட்டுல தள்ளி, மறுபடி முடுக்கு. அப்பவும் வரலைன்னா நெக் துளையையோ பிரிட்ஜ் துளையையோ அடைச்சு மறுபடி போடணும். அந்த வேலையைப் பெயின்ட் அடிச்சதுக்கு அப்புறம் பண்ணினா உன் மனசே தாங்காது.

அடுத்தது பிரிட்ஜ் சேடில், அதாவது பிரிட்ஜ் மேல கம்பி உக்காருற துண்டு. மெல்லிய ஈ கம்பியோட சேடில் நட்டுலேருந்து 648 மி.மீ.க்கு ஒட்டி வரணும். தடிச்ச ஈ கம்பியோடது அதைவிடச் சில மி.மீ. பின்னால போகணும். அதுக்கு மேலயும் முன்னும் பின்னும் நகர சேடில் திருகுல இடம் மிச்சம் இருக்கணும். இல்லேன்னா அந்த கிட்டார் ஆயுசுக்கும் சுருதி சேராது.

கம்பியோட உயரத்தையும் பார்த்துக்கோ. சேடிலை முழுசா இறக்கியும் கம்பி எட்டாத உயரத்துல நிக்குதுன்னா, நெக் உக்காருற குழியோட உடம்புப் பக்க ஓரத்துல மெல்லிசா ஒரு ஷிம் வெச்சுக் கோணத்தை மாத்தணும். குழி முழுசும் பரவுற சரிவான மரத் தகடு சிறந்தது.

தலைப்பகுதி வெட்டாத பலகையா வந்திருந்தா, டியூனரெல்லாம் உக்கார்ற இடத்தைக் குறிச்சுக்கிட்டு, உனக்குப் பிடிச்ச வடிவத்தை அட்டையில வெட்டி வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் ரம்பத்தை எடு. பிரபல கம்பெனி தலை வடிவத்தை அப்படியே வெட்டி, அவங்க பேரை ஒட்டி விக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

ஸ்க்ரூ உடையாம இருக்க

கிட்ல வர்ற சின்ன ஸ்க்ரூக்கள், அதுலயும் டியூனர் ஸ்க்ரூக்கள், மட்டமான உலோகம். நேரடியா மரத்துல முடுக்கினா தலை உடைஞ்சு உடம்பு உள்ளேயே தங்கிடும்.

* ஸ்க்ரூவோட மரையை விட்டுட்டு நடுத்தண்டு எவ்வளவு தடிமனோ அந்த அளவு டிரில் பிட்ல முதல்ல துளை போடு. பிட் மேல டேப் சுத்தி ஆழத்தைக் குறிச்சுக்கோ.
* மரையில மெழுகுவத்தியைத் தேய்ச்சுட்டு முடுக்கு.
* துளை பெரிசாயிடுச்சா? மரப்பசையில முக்கின பல்குச்சியை அடைச்சு, காய்ஞ்சதும் வெட்டிட்டு மறுபடி துளை போடு.
* நெக் ஸ்க்ரூ பாடித் துளைக்குள்ள தாராளமா போய்வரணும், நெக் மரத்துல மட்டும் பிடிக்கணும். பாடித் துளையிலயும் மரை பிடிச்சா நெக்குக்கும் பாடிக்கும் நடுவுல இடைவெளி நிக்கும்.

தேய்ப்பும் பூச்சும்: அவசரப்பட்டா அசிங்கம்

120, 180, 240, 320 நம்பர் உப்புத்தாள், இந்த வரிசை. எப்பவும் மர ரேகை ஓடுற திசையிலயே தேய். 240 முடிஞ்சதும் ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சுக் காயவிடு. மயிர் மாதிரி நார் எழும்பும். அதை 320-ல எடுத்துட்டா பூச்சு வழுவழுன்னு உக்காரும். பாஸ்வுட் மாதிரி மென்மையான மரத்துல சின்ன அமுங்கல் விழுந்தா பதறாதே. ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசா வெச்சு எடுத்தா, ஆவி பட்டு மரம் உப்பி மேலே வந்துடும். இது வெறும் மரத்துல மட்டும்தான் நடக்கும்.

முதல் கிட்டாருக்கு எண்ணெய்ப் பூச்சுதான் சுலபம். டங் ஆயில், டேனிஷ் ஆயில் எதுவானாலும் துணியால தேய்ச்சு, மிச்சத்தைத் துடைச்சுட்டுக் காயவிட்டு, அடுத்த கோட் போடலாம். கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் சரிபண்ணிக்கலாம். ஆனா எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதே. லின்சீட் மாதிரி எண்ணெய் காயுறப்போ சூடு கிளம்பும், சுருட்டின துணி தானா தீப்பிடிக்கும். வெளியில விரிச்சுக் காயப்போட்டுட்டு அப்புறம் எறி.

ஸ்ப்ரேதான் வேணும்னா மெல்லிசா பல கோட் அடி. ஐப்பசி, கார்த்திகை மழையில லாக்கர் அடிக்காதே. காத்துல உள்ள ஈரம் சேர்ந்து பால் மாதிரி வெளுத்துடும். மூக்கைக் கிட்ட வெச்சா தின்னர் வாசனை வர்ற வரைக்கும் லாக்கர் காயலைன்னு அர்த்தம். கார் பட்டறையில அடிக்கிற ஹார்டனர் கலந்த பெயின்ட்டை வீட்டுல தொடாதே. அதுல உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். அது வேணும்னா பட்டறைக்கே கொடுத்துடு.

எந்தப் பூச்சானாலும் நெக் உக்காருற குழியை மாஸ்கிங் டேப் போட்டு மூடு. அங்கே பெயின்ட் ஏறினா நெக் உள்ளே போகாது, அழுத்தினா ஓரம் வெடிக்கும்.

ஃபிரெட், நட்: கை வலிக்குதா, சுகமா இருக்கான்னு தீர்மானிக்கிற இடம்

முதல்ல ட்ரஸ் ராடைத் திருப்பி நெக்கை நேராக்கு. அப்புறம் மூணு ஃபிரெட் மேல மட்டும் உக்காருற மாதிரி ஒரு சின்ன ஸ்டீல் துண்டை வெச்சு ஆட்டிப் பார். ஆடுச்சுன்னா நடு ஃபிரெட் உயரமா இருக்கு. பிளாஸ்டிக் சுத்தியலால மெதுவா தட்டி இறக்கிப் பார். இறங்கலைன்னாதான் தேய்ப்பு.

ஃபிரெட்போர்டு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டு. ஃபிரெட் தலையில மார்க்கரால கோடு போடு. நேரான அலுமினிய பாருல 400 உப்புத்தாளை ஒட்டி, நெக்கோட நீளவாக்குல அழுத்தாம ஓட்டு. எல்லா ஃபிரெட்லயும் மை அழிஞ்ச நொடியில நிறுத்து. தட்டையான தலையை அரத்தால மறுபடி உருண்டையாக்கி, 600, 1000, 2000-னு ஏறி மெருகேத்து. ஓரத்துல நீட்டிக்கிட்டிருக்குற ஃபிரெட் முனையைச் சின்ன அரத்தால மழுக்கிடு. ஸ்டீல் வுல் உபயோகிச்சா பிக்கப் பக்கத்துல வேண்டாம். அந்தத் துகளெல்லாம் காந்தத்துல ஒட்டிக்கும்.

இப்போ நட். கம்பியை மூணாவது ஃபிரெட்ல அழுத்திப் பிடி. முதல் ஃபிரெட் மேல கம்பி எப்படி நிக்குதுன்னு வெளிச்சத்துக்கு எதிரா பார். தலைமுடி அளவு சந்து தெரியணும். அங்கே விரலால தட்டினா மெல்லிசா ஒரு "டிக்" சத்தம் வரணும். கிட் நட்டுல பெரும்பாலும் நல்லாவே உயரமா நிக்கும். அதனாலதான் ட்யூனிங் மீட்டர்ல எல்லாம் சரியா காட்டும், ஆனா முதல் ஃபிரெட்ல கார்டு பிடிச்சதும் சுருதி ஏறி நாராசமா கேக்கும்.

நட் அரம் விலை கூடுதல்னா, கேஸ் வெல்டிங் நாசில் சுத்தம் பண்ற முள் கம்பி செட் ஹார்டுவேர் கடையில கிடைக்கும். கம்பியோட தடிமனுக்கு ஏத்ததை எடுத்து, தலைப்பக்கமா லேசா சரியுற மாதிரி ரெண்டு தேய்ப்பு தேய், கம்பியை வெச்சுப் பார், மறுபடி தேய். அதிகமா இறங்கிட்டா பள்ளத்துல சமையல் சோடா தூவி ஒரு சொட்டு ஃபெவிகுவிக் விட்டா கல்லாயிடும், மறுபடி அறுத்துக்கலாம். முடிஞ்சதும் பென்சில் கரியைப் பள்ளத்துல தேய்ச்சு விடு. கம்பி சிக்காம நழுவும்.

வயரிங்: பொறுமையா ஒண்ணு ஒண்ணா

சால்டரிங் அயர்ன் 25 வாட் இருந்தா ஸ்விட்ச், ஜாக்குக்குப் போதும். பொட்டோட (குமிழுக்கு அடியில உள்ள வால்யூம், டோன் கன்ட்ரோல்) முதுகுல எர்த் வயர் பத்தவைக்க 40 வாட்டாவது வேணும். சூடு பத்தாம ரொம்ப நேரம் அழுத்தினா உள்ளே உள்ள கரித்தடம் பாழாகும். முதுகை உப்புத்தாளால சுரண்டிட்டு, அங்கேயும் வயர் முனையிலயும் தனித்தனியா ஈயம் பூசிட்டு, அப்புறம் சேர். நல்ல ஜாயின்ட் பளபளன்னு, வயரோட வடிவம் தெரியுற மாதிரி படிஞ்சிருக்கும். மங்கலா, உருண்டையா நின்னா உள்ளே பிடிக்கலை. மறுபடி சூடு காட்டு.

பிரிட்ஜ் அடியில ஒரு எர்த் வயர் போகணும். அதை மறந்துடாதே. கம்பிக்கும் ஜாக்கோட வெளி வளையத்துக்கும் மல்டிமீட்டர்ல தொடர்பு காட்டணும். சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பொட், ரெட்டைக் காயில் ஹம்பக்கருக்கு 500. மதிப்பு கூடக்கூட ஒலியோட மேல் ஸ்தாயி கூர்மையா கேக்கும். டோன் கெப்பாசிட்டர் 0.022 இல்லேன்னா 0.047 மைக்ரோஃபாரட்.

சத்தத்தை வெச்சே நோயைக் கண்டுபிடிக்கலாம்:

* கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதா? வயரிங் சரி.
* தொட்டாலும் மாற்றமே இல்லையா? பிரிட்ஜ் எர்த் விட்டுப்போச்சு.
* தொட்டா இரைச்சல் கூடுதா? ஜாக்ல ரெண்டு வயரும் இடம் மாறியிருக்கு.
* ஸ்விட்சை நடுவுல வெச்சா மட்டும் சத்தம் ஒல்லியா, மூக்கால பாடுற மாதிரி வருதா? ரெண்டு பிக்கப்பும் எதிரெதிர் ஃபேஸ்ல இருக்கு. ஒண்ணோட ரெண்டு வயரையும் மாத்திப் போடணும். நெக் பிக்கப்ல உலோக மூடி இருந்தா, மூடியோட எர்த்தை முதல்ல தனியா பிரிச்சிடு.

பிக்கப்பும் வயரிங்கும் உக்காருற குழிகளோட உள்பக்கம் முழுக்கக் காப்பர் டேப் ஒட்டினா சுத்துப்புற இரைச்சல் நல்லாவே அடங்கும். துண்டுகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொட்டு எர்த்ல சேரணும், ஜாக்கோட சிக்னல் முனை மட்டும் டேப்ல படக்கூடாது. ஆனா சிங்கிள் காயிலுக்குள்ள நேரா நுழையுற 50 ஹெர்ட்ஸ் ஹம் டேப்புக்கு அடங்காது. அதுக்குத்தான் கிப்ஸன் கம்பெனியில சேத் லவர் 1955-ல ஹம்பக்கரை வடிவமைச்சார்: எதிரெதிரா சுத்தின ரெண்டு காயில், ஹம் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும்.

கிட்டார் கம்பி ஆம்ப்போட எர்த்தோட நேரடித் தொடர்புல இருக்கு, உன் விரல் அந்தக் கம்பியில இருக்கு. அதனால ஆம்ப்போட மூணு பின் பிளக்குல எர்த் பின்னை ஒடிக்கிற வேலை கூடவே கூடாது. வீட்டு எர்த் சரியில்லைன்னா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

செட்டப்: வரிசை மாறக்கூடாது

1. புதுக் கம்பி கட்டிச் சரியா ட்யூன் பண்ணு. முதல் கிட்டாருக்கு 9-42 செட் சுகம்.
2. முதல் ஃபிரெட்டையும், நெக் பாடியைச் சேருற இடத்து ஃபிரெட்டையும் அழுத்திப் பிடிச்சு, எட்டாவது ஃபிரெட்ல இடைவெளி பார். சுமார் 0.25 மி.மீ. போதும். பைக் மெக்கானிக் டாப்பெட் செட் பண்ற ஃபீலர் கேஜ் இதுக்கு அருமையா உதவும். ட்ரஸ் ராடை ஒரு நேரத்துல கால் சுத்துக்கு மேல திருப்பாதே.
3. கம்பி உயரம் பதினேழாவது ஃபிரெட்ல சுமார் 1.6 மி.மீ. வர்ற மாதிரி சேடிலை ஏத்தி இறக்கு.
4. கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடிச்சு, பிக்கப்புக்கும் கம்பிக்கும் தடிச்ச பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மி.மீ. விட்டு ஆரம்பி. ரொம்பக் கிட்ட போனா காந்தம் கம்பியை இழுத்து சுருதியைக் குழப்பும்.
5. பன்னிரண்டாவது ஃபிரெட்ல ஹார்மோனிக்கையும், அழுத்தி வாசிச்ச ஸ்வரத்தையும் ஒப்பிடு. அழுத்தினது ஏறிக் கேட்டா சேடிலைப் பின்னால தள்ளு. இறங்கிக் கேட்டா முன்னால கொண்டுவா.

ஒண்ணை மாத்தினா மத்ததும் கொஞ்சம் நகரும். அதனால ரெண்டாவது தடவையும் இதே வரிசையில போய்ப் பார்.

மாடிஃபை பண்ணணுமா? காசு இந்த வரிசையில போகட்டும்

எல்லாரும் முதல்ல பிக்கப்பை மாத்துவாங்க. நீ கடைசியில மாத்து. சுருதி நிக்காத கிட்டார்ல விலை உயர்ந்த பிக்கப் போட்டா, சுருதி நிக்காதது இன்னும் தெளிவா கேக்கும், அவ்வளவுதான்.

முதல்ல எலும்பு நட். அடுத்து ஜாக்கும் ஸ்விட்சும். கரகரப்பும் சத்தம் விட்டு விட்டு வர்றதும் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கும். மூணாவது பொட். வால்யூமைக் குறைச்சா ஒலி மங்குதுன்னா, வால்யூம் பொட்டோட நுழையுற முனைக்கும் வெளியேறுற முனைக்கும் நடுவுல 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.001 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் பக்கத்துப் பக்கத்துல போடு. சில்லறைக் காசுல தீர்ந்துடும். சென்னையில இருந்தா ரிச்சி தெருவுல ஒரு நடை போய்ட்டு வா. நாலாவது டியூனர். ட்யூனிங் கீழே இறங்குதுன்னா முதல்ல நட் பள்ளத்தைச் சந்தேகப்படு, அப்புறம் டியூனரை.

எதை வாங்கினாலும் ஸ்கேலை வெச்சு அளந்துட்டு வாங்கு. கிட்ல சின்ன பொட் வந்திருந்தா, பெரிய பொட்டோட கழுத்துக்கு ஏத்த மாதிரி, குமிழ் பூட்டுற தகட்டுத் துளையை 9.5 மி.மீ.க்குப் பெரிசாக்கணும். பழைய குமிழ் புதுப் பொட்டோட பல்லுக்குப் பொருந்தாமப் போகலாம். டியூனர் துளை, பிரிட்ஜ் ஸ்க்ரூ இடைவெளி எல்லாமே கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

விலையுயர்ந்த கிட்டார் இருந்தாத்தான் நல்லா வாசிக்க முடியும்னு யாராவது சொன்னா எடி வான் ஹேலனைச் சொல்லு. கழிச்சுப் போட்ட ஒரு பாடி, தனியா வாங்கின ஒரு நெக், வேற கிட்டார்லேருந்து பிடுங்கின ஒரு ஹம்பக்கர், ஒரே ஒரு வால்யூம் குமிழ், இதை வெச்சு அவர் பூட்டின கிட்டார்தான் ராக் உலகமே பேசின ஃபிராங்கன்ஸ்ட்ராட். குயீன் குழுவோட பிரையன் மே, 1963-ல தன் அப்பாவோட சேர்ந்து பழைய கணப்படுப்பு மரத்துல நெக் செதுக்கி ஆரம்பிச்ச கிட்டாரைத்தான் இன்னைக்கும் மேடையில வாசிக்கிறார்.

கடைசியா ஒண்ணு. கிட் கட்டினா காசு மிச்சம்னு நினைச்சு இறங்காதே. கருவி, பூச்சு, பாகம்னு கூட்டிப் பார்த்தா, அந்தக் காசுக்குக் கடையில ஒரு ரெடிமேட் கிட்டாரே வந்துடும். ஆனா கட்டி முடிச்சவனுக்கும் முடிச்சவளுக்கும் செட்டப் கத்துக்கிட்ட கை இருக்கும். இனி எந்தக் கிட்டார் வாங்கினாலும், யாரோட கிட்டாரை ரிப்பேர் பண்ணினாலும் அந்தக் கை கூடவே வரும். அதுக்காகக் கட்டு. முதல்ல நல்லா வாசிக்கிற மாதிரி ஆக்கு, அப்புறம் அழகாக்கு, கடைசியில பிக்கப்புக்கு ஆசைப்படு!